பதினான்காவது குழியில் கேட்ட சத்தம்

எங்கள் கோல்ஃப் கிளப்பில் பதினெட்டுக் குழிகள் உண்டு, இருபத்திரண்டு குழுக்கள் உண்டு. குழிகளைப் புல்வெட்டும் ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள். குழுக்களை நான் பார்த்துக்கொள்கிறேன். கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் எழுதி, தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுவது என் வேலை. இந்தப் பத்தொன்பது வருடத்தில் என் சொந்தக் கருத்து என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுதப்போகிறேன், அதுவும் பயந்துகொண்டுதான்.

குழுக்களில் மூத்தது அமைதிக் குழு. கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் பந்தை அடிக்கப்போகும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பேசக்கூடாது, அசையக்கூடாது. அதிலும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் இருக்கிறதே, கிரீன் என்பார்கள், அங்கே நின்று பந்தை மெல்லத் தட்டும் நேரத்தில் மூச்சுகூட அளந்துதான் விடவேண்டும். அந்த நேரத்தில் தும்மிய ஒருவருடைய மகனுக்கு எங்கள் கிளப்பில் இன்னும் உறுப்பினர் அட்டை கிடைக்கவில்லை. அமைதி விதிகள் என்று நாற்பத்தோரு பக்கத்துக்குப் புத்தகமே போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்பதாவது விதி இயற்கைச் சத்தங்களை மன்னிக்கிறது: காற்று, மழை, இடி, தவளை, மரங்கொத்தி. மரங்கொத்தியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மட்டும் இரண்டு வருடம் விவாதித்தார்கள். எல்லாவற்றையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

இந்த விதிகளையெல்லாம் படிக்காமலேயே முழுசாகக் கடைப்பிடித்த ஒரே ஆள் பூனையண்ணன். உறுப்பினர்களின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுக் குழிக்கும் கூடவே நடக்கும் பைக்காரர். கிளப் காகிதங்களில் 'மட்டைப்பை உதவியாளர்' என்று எழுதவேண்டும். இருபத்தாறு வருடம் பை சுமந்தவர். காய்ந்த சருகின் மேல் நடந்தாலும் சத்தம் வராது. அதனால்தான் அந்தப் பெயர். பையில் பதினான்கு மட்டைகள் இருக்கும், ஒன்றோடொன்று உரசாது. நெஞ்சில் பதினேழு என்று எண் போட்ட பித்தளை வில்லை குத்தியிருப்பார். தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

மழைக்கு மறுநாள் ஒரு சனிக்கிழமை. பதினான்காவது குழி. உறுப்பினர்களில் ஒருவரான சிமெண்ட் முதலாளி இரண்டடித் தூரத்திலிருந்து பந்தைத் தட்டக் குனிந்திருக்கிறார். அது உள்ளே போனால் அன்றைய பந்தயம் அவருக்கு. பூனையண்ணனின் நிழல் பந்து போகும் வழியில் விழப்பார்த்தது. அவர் பையோடு ஒரு எட்டு விலகினார். ஈரத்தில் பாதம் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பந்து இடது பக்கமாக ஓடிப்போனது.

அவர் கத்தவில்லை. வலியில் முகம் வெளுத்துப்போனது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். முதலில் பையைச் சத்தம் வராமல் இறக்கிவைத்தார். பிறகு தன்னை இறக்கிக்கொண்டார்.

சிமெண்ட் முதலாளி திரும்பிப் பார்க்காமலே கேட்டது, "யார்யா அது?"

புகார் மதியமே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "முட்டிக்குள்ள இருக்கிற முன் ஜவ்வு அறுந்துடுச்சு. தொடையிலேருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்துல வெச்சுக் கட்டணும்" என்றார்.

"எப்ப வேலைக்குப் போகலாம் டாக்டர்?" என்று பூனையண்ணன் கேட்டார்.

"வீட்டுக்குள்ள சீக்கிரமே நடந்துடுவீங்க. மேடு பள்ளத்துல சுமையோட நடக்கணும்னா ஒன்பது மாசம்."

பூனையண்ணனுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம். காரணம், எங்கள் விதிப்படி பத்து மாதம் வராத பைக்காரரின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும், வில்லையைத் திருப்பித் தந்துவிடவேண்டும். ஒன்பது, பத்தைவிடச் சின்னது. ஒரு மாதம் கையில் இருக்கிறது என்று விரலை மடக்கிக் காட்டினார். எங்கள் குழுக்களைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

ஆபரேஷன் முடிந்தது. மூன்றாவது மாதம் அமைதிக் குழு அவரை அழைத்தது. இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு மாடியேறி வந்தார். உறுப்பினர்களின் லிஃப்டில் உறுப்பினர்கள்தான் ஏறலாம். மேலே வந்து சேர்ந்ததும் செயலாளர் அன்பாகத்தான் பேசினார்.

"முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். உங்க முட்டியைப் பத்திப் பேச நாங்க கூடல. முட்டி உங்க சொந்த விஷயம், அதுல கிளப் தலையிடாது. சத்தம் கிளப்போட விஷயம்."

"சரிங்க சார்."

"சத்தம் பந்தைத் தட்டுறதுக்கு முன்னாடி வந்துச்சா, பின்னாடியா?"

"சார், ஜவ்வு அறுந்த சத்தம் சார் அது. நான் போடல."

"நீங்க போடலைன்னா வேற யார் போட்டாங்க?"

"அதுவா போட்டுச்சு சார்."

செயலாளர் என்னைப் பார்த்தார். 'சத்தம் தன்னிடமிருந்து வந்ததை ஒப்புக்கொண்டார்' என்று நான் எழுதினேன். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனால் எழுதிவிட்டேன், அதுதான் முக்கியம்.

பூனையண்ணனுக்கு யாரோ ஒன்பதாவது விதியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மரங்கொத்தி மாதிரி இதுவும் இயற்கைச் சத்தம்தானே சார்" என்றார்.

குழுவில் ஒரு சலசலப்பு. தலைவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். தலைவர் பெரும்பாலும் தூங்குவார். விழித்தால் தீர்ப்புதான்.

"மரங்கொத்தி இங்க நாலு தலைமுறையா இருக்கு. உங்க முட்டி எப்ப வந்துச்சு?"

"இருபத்தாறு வருஷமாச்சுங்க ஐயா."

"எப்படி வந்துச்சு?"

"விண்ணப்பம் போட்டு வந்தேங்க."

"மரங்கொத்தி விண்ணப்பம் போடல. அதான் இயற்கை" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

முட்டியில் சத்தம் இல்லை என்று சோதனையில் நிரூபித்தால் வேலைக்குத் திரும்பலாம் என்று தீர்மானம் ஆனது. அப்படி ஒரு சான்றிதழ் அதுவரை உலகத்திலேயே இல்லாததால் படிவத்தை நானே தயாரித்தேன். 'முட்டி ஓசையின்மைச் சான்று, மூன்று பிரதிகள்.' வலது முட்டிக்கு ஒரு கட்டம், இடது முட்டிக்கு ஒரு கட்டம். செயலாளர் பார்த்துவிட்டு, 'இதர முட்டிகள்' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்.

அடுத்த ஆறு மாதம் பூனையண்ணன் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அமுக்குவார். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல அந்தரத்தில் உட்காருவார். மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்குவார். கால் தேறியது. தொடையில் சதை பிடித்தது. ஆனால் முட்டியை மடக்கும்போது மட்டும் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. விரல் சொடுக்குவது போல, அவ்வளவுதான்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மாவிடம் போய், "இந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடுங்கம்மா" என்றார்.

அந்த அம்மா சிரித்தார். "வலிக்குதா?"

"இல்லம்மா."

"வீங்குதா?"

"இல்ல."

"அப்ப விட்டுத் தள்ளுங்க. ஆபரேஷன் ஆன முட்டி அப்பப்ப பேசத்தான் செய்யும். என் முட்டியே பேசுது, நான் ஆபரேஷன்கூட பண்ணிக்கல" என்று உட்கார்ந்து எழுந்து காட்டினார். நிஜமாகவே பேசியது. பிறகு கிளப்புக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: முட்டி உறுதியாக உள்ளது, சுமை தூக்கலாம், லேசான சத்தம் இயல்பானது. செயலாளர் அதில் 'சத்தம்' என்ற ஒரு சொல்லின் கீழே மட்டும் சிவப்பில் கோடு போட்டார்.

பூனையண்ணனின் மனைவி தையல் வேலை செய்பவர். ஜன்னல் திரை, மெத்தை உறை எல்லாம் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மெத்தைப் பஞ்சை இரண்டு அடுக்கு வைத்து முட்டிக்கு ஒரு உறை தைத்தார். காதை முட்டியில் வைத்துக்கொண்டு, "மடக்குங்க. நீட்டுங்க. இன்னொரு தடவை மடக்குங்க" என்று சோதித்தார். பஞ்சுக்குள் சத்தம் அமுங்கிப்போனது. அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்ததை நான் பார்த்தேன்.

ஒன்பது மாதம் முடிந்து மூன்றாவது வாரம் சோதனை. பயிற்சிக் கிரீனில் ஏழு நாற்காலி போட்டுக் குழு உட்கார்ந்தது. ஒலி நிபுணராகக் காது மிஷின் கடை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் வந்திருந்தார். அவருக்கே இரண்டு காதும் மந்தம். அதனால்தான் அவர் அந்த வியாபாரத்துக்கே வந்தார். பூனையண்ணன் பையோடு பன்னிரண்டு அடி நடந்து, குனிந்து, கொடிக் கம்பை எடுக்கவேண்டும்.

நடக்கத் தொடங்கும் முன்பே செயலாளர் கையைத் தூக்கினார். கால்சட்டை புடைத்திருக்கிறதாம். உறையைக் கழற்றச் சொன்னார். சீருடை விதியில் பஞ்சு இல்லை.

முதல் தடவை நடந்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. குழுவில் யாருக்கும் கேட்கவில்லை. நிபுணர் மட்டும், "விசில் மாதிரி ஒரு சத்தம், நல்லாவே கேட்டுச்சு" என்றார். அது அவருடைய மிஷினின் சத்தம் என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. இரண்டாவது தடவை தலைவரின் நாற்காலி கிரீச்சிட்டது. அதை உறுப்பினரின் சத்தமாகக் கொண்டு மன்னித்தார்கள், நடையை மட்டும் செல்லாது என்றார்கள். மூன்றாவது தடவை பூனையண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. நடந்தார், நின்றார், குனிந்தார். டக்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குழு ஒரு மணி நேரம் ஆலோசித்தது. கடைசியில் செயலாளர் எழுந்து பேசியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் அவர் அதை அச்சிட்டு மாட்டச் சொன்னார். "நாம இரக்கம் இல்லாதவங்க இல்ல. இவர் நடந்தா சத்தம் வரலாம், குனிஞ்சா சத்தம் வருது. ஆனா நின்னா சத்தமே இல்ல. ஒரு மனுஷன்கிட்ட இருக்கிற குறையைப் பார்க்காம நிறையைப் பார்க்கிறதுதான் இந்த கிளப்போட பண்பாடு. அதனால இவரை நிக்க வைக்கலாம்."

அடுத்த வாரம் ஆண்டுக் கோப்பைப் பந்தயம். பதினான்காவது குழி அருகே 'அமைதி' என்று எழுதிய பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நிற்கவேண்டும். பேசக்கூடாது, நகரக்கூடாது. அன்றைக்கு ஒரு புகாரும் வராவிட்டால் திங்கட்கிழமை பை திரும்பக் கிடைக்கும். பத்து மாதம் முடிய அப்போது நான்கு நாள் பாக்கி இருக்கும்.

"நிக்கிறது என்ன பெரிய விஷயம் தம்பி, சும்மா நிக்கிறதுதானே" என்று என்னிடம் சொன்னார். வில்லையைத் துடைத்துத் துடைத்து எண்ணே தேய்ந்திருந்தது.

அன்றைக்கு அவர் நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். எட்டு மணி நேரம். ஈ ஒன்று மூக்கில் உட்கார்ந்து, சலித்துப்போய் எழுந்து போனது. புதிதாகக் கட்டிய ஜவ்வு உள்ளே என்ன பாடு பட்டதோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசி ஜோடி ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தலைவரும் சிமெண்ட் முதலாளியும்தான். பந்தைத் தட்டவேண்டியது தலைவர். முதலாளி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தலைவர் குனிந்தார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளிக்குத் தன் பின்னால் இருந்த மதிப்பெண் பலகையைப் பார்க்கும் ஆசை வந்தது. ஆணி வைத்த காலணி புல்லைப் பிடித்துக்கொண்டது, அவர் மட்டும் திரும்பினார்.

டப்.

பந்து இடது பக்கம் ஓடியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பூனையண்ணனைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி "ஐயோ அம்மா" என்று கீழே விழுந்தார். நான் அவருக்கு நேர் எதிரே நின்றிருந்தேன். எந்த முட்டி என்று எனக்குத் தெரியும். பூனையண்ணனுக்கும் தெரியும்.

பிற்பாடு கேட்டேன், "ஏண்ணே வாயைத் திறக்கல நீங்க?"

"பலகை கையில இருந்துச்சே தம்பி. அதைப் பிடிச்சுக்கிட்டு நானே எப்படிப் பேசறது?"

"கீழ இறக்கியிருக்கலாம்ல?"

"இறக்குனா எல்லாரும் பேச ஆரம்பிச்சிடுவாங்களே. தலைவருக்கு இன்னொரு தட்டு பாக்கி இருந்துச்சு."

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். இரண்டு சத்தங்கள் கேட்டதாகப் பதிவானது. முதலாவது, முன்பே புகாருக்கு ஆளான முட்டியிலிருந்து வந்த 'டப்'. இரண்டாவது, அந்தச் சத்தத்தால் திடுக்கிட்டுத் திரும்பிய மூத்த உறுப்பினர் முட்டி ஜவ்வு அறுந்து விழுந்தபோது போட்ட கூச்சல். ஆக பூனையண்ணனின் முட்டி அமைதியைக் கெடுத்ததோடு நில்லாமல் இன்னொரு முட்டியையும் கெடுத்துவிட்டது. வில்லையை அங்கேயே கழற்றி மேசையில் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

முதலாளிக்கு அதே டாக்டர், அதே ஆபரேஷன். தொடையிலிருந்து அதே நார். இனி அவர் எப்படி கோல்ஃபுக்குத் திரும்புவார் என்பதற்கு 'மீள்வருகைக் குழு' என்று இருபத்து மூன்றாவது குழு உருவானது. பதினெட்டுக் குழிக்கும் சாய்வுப் பாதை போட்டார்கள். பதினான்காவது குழியின் ஈர ஓரத்தைத் தோண்டி வடிகால் வைத்தார்கள். மெத்தை வைத்த வண்டி வாங்கினார்கள். அவர் சுருட்டிய துண்டை முட்டியால் அமுக்கும் படம் கிளப் மலரின் அட்டையில் வந்தது, 'போராளி' என்ற தலைப்போடு.

ஒன்பது மாதம் கழித்து அவர் திரும்பிய நாளில் கொட்டகை போட்டிருந்தார்கள். முதல் பந்தை வைக்கக் குனிந்தார். டக் என்று கேட்டது. ஒரு நொடி யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு செயலாளர் கைதட்டினார், கூட்டமே எழுந்து தட்டியது. "இது சாதாரண சத்தம் இல்ல. இது விடாமுயற்சியோட சத்தம். இதைக் கேக்கறதுக்கு நாம கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். அந்த வாரமே ஒன்பதாவது விதி திருத்தப்பட்டது: காற்று, மழை, இடி, தவளை, மரங்கொத்தி, உறுப்பினர்களின் முட்டி. விவாதம் நான்கு நிமிடம்.

அந்தத் தாளையும் நானே தட்டச்சு செய்தேன். அன்று மதியம் பூனையண்ணன் பெயரில் ஒரு மேல்முறையீடு எழுதினேன். நின்றுகொண்டிருந்தவரின் முட்டி மடங்கவே இல்லை, மடங்காத முட்டி சத்தம் போடாது என்று குழுவின் சோதனையே சொல்கிறது. ஜவ்வு அறுந்தது முதலாளிக்கு, அறும்போது சத்தம் வரும் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் இணைத்தேன். பூனையண்ணன் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன பதில் சொல்லிட முடியும் தம்பி அவங்களால" என்று கையெழுத்துப் போட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பதில் வந்தது. நானே தட்டச்சு செய்த பதில். ஒரு பிழைகூட இல்லை.

'தங்கள் மனுவைக் குழு கவனமாகப் பரிசீலித்தது. அன்று கேட்ட சத்தம் தங்கள் முட்டியிலிருந்து வரவில்லை என்பதைக் குழு முழுமனதுடன் ஏற்கிறது. ஆகவே அந்தச் சத்தத்துக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பில்லாத ஒருவர் அது குறித்து முறையீடு செய்ய விதியில் இடமில்லை. சத்தத்துக்கு உரிய முட்டியின் உரிமையாளர் முறையிட விரும்பவில்லை. மேலும் தாங்கள் கடைசியாகப் பணிக்கு வந்து பத்து மாதங்களுக்கு மேல் ஆகிவிட்டதால், தங்கள் பெயர் பதிவேட்டில் இல்லை. தங்கள் முட்டி நலம் பெற வாழ்த்துகள்.'

தபாலில் போட மனம் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டில் அண்ணி மிஷினில் திரைத் துணி தைத்துக்கொண்டிருந்தார். பூனையண்ணன் தரையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார். மடித்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"அவங்களே ஒத்துக்கிட்டாங்களே, இவர் இல்லைன்னு" என்றார் என்னிடம்.

"ஆமா அண்ணி."

"அப்புறம் என்ன?"

நான் வாசலிலேயே நின்றேன். பூனையண்ணன், "உக்காரு தம்பி, நாற்காலி எடுத்துட்டு வரேன்" என்று தரையில் கையை ஊன்றி எழுந்தார்.

டக்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். பாதி எழுந்த நிலையில், ஒரு கை தோள் பக்கம், அங்கே பை இருப்பதுபோல. மூச்சு விடவில்லை. கண் எங்கேயோ தூரத்தில், யாரோ குனிந்து நிற்கும் ஒரு குழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி கடிதத்தை மிஷின் மேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இங்க யாரும் பந்து அடிக்கலங்க. நடங்க."

அவர் நடக்கவில்லை. அண்ணி என் பக்கம் திரும்பினார், நானாவது ஏதாவது சொல்வேன் என்று. பத்தொன்பது வருடப் பழக்கம், நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.